விருந்தாளிக்கு வைத்த தேங்காய்

ஈயக் கட்டிகளை அடுக்கி ஒரு கோட்டை கட்டினேன். உள்ளே ஒரு சின்ன வாளி வைக்கத்தான் இடமிருக்கும்; ஆனால் அந்தச் சுவரை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. யாரோ கழித்துவிட்ட ரொட்டி அடுப்பைப் பிரித்து, மண் காயவைக்கும் அடுப்பாக்கினேன். பூங்கா வேலியிலிருந்து கழற்றிப் போட்ட இரும்புக் கம்பியைத் தீட்டித் தேங்காய் உரிக்கும் அலவாங்கு செய்தேன். லண்டனில் ஒரு ஆய்வுகூடத்துக்குள் நட்டு நின்ற முதல் அலவாங்கு அதுவாகத்தான் இருக்கும். பசிபிக் கடலின் நடுவில், எங்கள் சாமான்கள் வேறு துறைமுகத்தில் இறங்கிவிட்ட நேரத்தில், கரையொதுங்கிய பலகையாலும் பழைய தகரத்தாலும் ஒரு கொட்டகை எழுப்பினேன். கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் அதற்குள் குனிந்து வந்து வேலை செய்தார்கள். பிளேஸ்டோவில் என் வீட்டின் பின்பக்கத்தை நானே நீட்டிக் கட்டினேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினேன். இத்தனையும் செய்த சின்னத்துரை தவராசா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

நான் வேலை செய்த ஆய்வுகூடம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே வாசல் சுவரில் பழைய வரலாற்றை ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூடவே, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் ஞாபகங்களை எழுதித் தரலாம் என்று அங்குள்ள இளம் பிள்ளைகள் கேட்டார்கள். என் இங்கிலீசு வேலைக்குப் போதும், மனதுக்குப் போதாது. ஆகவே தமிழில் எழுதி இந்தச் சஞ்சிகைக்குத் தருகிறேன். என்னோடு வேலை செய்த ரமணன் அதை இங்கிலீசில் மாற்றி அவர்களிடம் கொடுப்பார். எங்கள் வேலை இதுதான்: அணுகுண்டு வெடித்துப் பார்த்த தீவுகளின் மண்ணிலும் பயிரிலும் எவ்வளவு கதிர்வீச்சு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது. ஒரு தீவு மக்கள் தங்கள் காணிக்குத் திரும்பலாமா கூடாதா என்பது ஒருமுறை எங்கள் அளவில் தொங்கியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வந்த கதையை நீட்டமாட்டேன். ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹவுன்ஸ்லோவில் ஒரு அறைக்குள் பலபேர். விமான நிலையச் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவல். பக்கத்தில் கழுவிக்கொண்டு நின்ற ஒருவர், ஒரு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்றார். போனேன். நான் கழுவிய போத்தலை டொக்டர் லாங்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்த வாரம் மண் சலிக்கச் சொன்னார். கொஞ்சக் காலத்தில் மாதிரி தயாரிக்கும் பகுதி முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பகுதியில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் எனக்குத் தெரியும்.

டொக்டர் லாங்லி எங்கள் பகுதியின் தலைவி. ஒல்லியான, உயரமான மனுஷி. கோடையிலும் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது ஒரு அளவைச் சொன்னால் அதை அவர் திருப்பிச் சொல்வார். பிறகு பக்கத்தில் நிற்கிற இன்னொருவரைக் கொண்டு மறுபடி சொல்ல வைப்பார். மூன்று வாயில் ஒரே அளவு வந்த பிறகுதான் அது எழுதப்படும். ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லுக்கு எங்கள் அறையில் தடை. புதிதாக வந்த யாராவது வாய் தவறி அந்தச் சொல்லை விட்டால், கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைப்பார்.

“எவ்வளவு என்று கேட்டேன். அதைச் சொல்லுங்கள். பாதுகாப்பா என்று தின்கிறவர்கள் கேட்கட்டும், ஆளுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.”

தன் மேசையைத் தானே துடைப்பார். என்னைத் தொட விடமாட்டார். எனக்கு முதலில் அது அவமானமாக இருந்தது. என்னில் நம்பிக்கை இல்லையோ என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன். “என் மேசையில் என் அழுக்கு மட்டும்தான் இருக்கவேண்டும், மிஸ்டர் தவா” என்றார். அதன் பிறகு நானும் என் மேசையை யாரையும் தொட விடவில்லை.

ரமணன் மதுரைக்காரர், கணக்கில் புலி, என்னைவிட நன்றாக இளையவர். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்றார். அடுத்த மூச்சில், “நீங்க பேசுறதுல பாதி புரியலண்ணே” என்றார்.

“விளங்காட்டில் நீர்தான் தமிழ் படிக்கவேணும், தம்பி” என்றேன். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

மண் எடுப்பது என்றால் மண்வெட்டியால் அள்ளிப் பையில் போடுவது என்று நினைக்கிறவர்கள் அதிகம். முதலில் ஒரு குழி வெட்டவேண்டும். குழியின் ஒரு பக்கச் சுவரை நேராகச் செதுக்கவேண்டும். பிறகு மேல்படையைத் தட்டையான தகட்டால் வழித்து எடுத்து, அந்த இடத்தைச் சுற்றிலும் அகலமாக வெட்டி விடவேண்டும். அதன் பிறகுதான் அடுத்த படை. மேல்மண் ஒரு சிட்டிகை கீழே உதிர்ந்தாலும் கீழ்மண் பொய் சொல்லும். ஒவ்வொரு படைக்கும் தகட்டைத் துடைக்கவேண்டும். அந்தத் தீவுகளில் மேலே கறுப்பு, உக்கிய இலை. கீழே பவளப்பாறை பொடிந்த வெள்ளை மணல். குண்டு விட்டுப்போன கதிர்வீச்சுப் பொருளான சீசியம் அந்தக் கறுப்பில்தான் குந்திக்கொண்டிருக்கும். அந்த மண்ணில் பொட்டாசியம் குறைவு. தென்னைக்கு அது வேண்டும். கிடைக்காத இடத்தில், அதன் சாயலில் இருக்கிற சீசியத்தை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்து வைத்துவிடும்.

தேங்காயை உரித்து, உடைத்து, நீரை வேறாக வடித்து, தேங்காயைச் சுரண்டி எடுத்து, காயவைத்து அரைக்கவேண்டும். ஒன்று அரைத்த பிறகு அடுத்ததற்கு முன் அரைவையில் சுத்தமான மணலைப் போட்டு ஓடவிட்டுத் துடைக்கவேண்டும். பிறகு டப்பாவில் கோடு வரை நிரப்பி, தட்டி இறுக்கி, ஒட்டி, ஈயக் கோட்டைக்குள் இறக்கவேண்டும். அந்த ஈயம் ஒரு பழைய கட்டடத்தின் கூரையிலிருந்து வந்தது. புது ஈயம் தானே கொஞ்சம் கதிர் விட்டு முணுமுணுக்கும், பழையதுதான் வாய் திறக்காமல் இருக்கும். உள்ளே இருக்கும் கருவி, டப்பாவிலிருந்து வருகிற ஒவ்வொரு கதிரையும் எண்ணித் திரையில் கோடாக எழுப்பும். பொட்டாசியத்துக்கு ஒரு இடம், சீசியத்துக்கு ஒரு இடம். எந்தக் கோடு எங்கே எழும்பும் என்று நான் பாடமாக்கியிருந்தேன். படித்தவர்களுக்குத் திரையில் எண் தெரியும். எனக்கும் அதே எண் தெரிந்தது, இதில் பெரிய அதிசயம் இல்லை. நான் உழைத்துக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தத் தீவின் பெயரை எழுதவில்லை. அதன் மக்கள் இன்னும் அகதிகளாக இருக்கிறார்கள். குண்டுச் சோதனைக் காலத்தில் அவர்களை வேறு தீவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு தலைமுறை கழிந்த பிறகு, கொஞ்சக் குடும்பங்களை மட்டும் முன்னோட்டமாகத் திரும்பவிட்டிருந்தார்கள். அவர்கள் வீடு கட்டி, தென்னை நட்டு, அது காய்த்தும்விட்டது. மீதிப் பேர் அகதித் தீவில் எங்கள் அறிக்கைக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் அளந்து சொன்னதும் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வருவதற்குக் கப்பல் ஒழுங்காகியிருந்தது.

அங்கே ஒரு வழக்கம். தென்னை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். வேற்று ஆள் அதில் ஏறக்கூடாது, விழுந்த காயைக்கூட எடுக்கக்கூடாது. டொக்டர் லாங்லி அதை மதித்தார். “மண்ணை நாங்கள் வெட்டுவோம். சாப்பாட்டை அவர்களே கொண்டுவரட்டும். அவர்கள் சாப்பிடுவதைத்தானே அளக்கவேண்டும்” என்றார். அதில் ஒரு பிழையும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பெண்கள் கூடை கூடையாகத் தேங்காயும், சீமைப்பலா என்று சிலர் சொல்கிற ஈரப்பலாக்காயும், தாழம்பழமும் என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் ரோசினா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீசு படித்தவர். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே வகுப்பில் நின்றுவிட்டவை; ஆகவே நன்றாக ஒத்துப்போனது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன், பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதையெல்லாம் என் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

நான் லண்டனிலிருந்து கொண்டுபோன அலவாங்கை நட்டு உரிக்கத் தொடங்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“உங்கட ஊரில ஆம்பிளையளும் தேங்காய் உரிப்பினமோ? இல்லாட்டி உன்னைப் பெண்சாதி கலைச்சு விட்டதோ?”

“எங்கட ஊரில இதுக்குப் போட்டியே நடக்கும் அக்கா. நான் ஒருக்காலும் தோத்ததில்லை.”

“அப்ப இண்டைக்குத் தோத்துப் பார்.”

அவர் கூரான தடி ஒன்றை நட்டார். நான் அலவாங்கில், அவர் தடியில். வென்றேன் என்று எழுதத்தான் ஆசை. சமனாக முடிந்தது.

புறப்படும் நாளில் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார்கள். டொக்டர் லாங்லி ஒரே மூச்சில் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அவர் எதையும் பாராட்டி நான் கேட்டது குறைவு.

லண்டனில் அளந்தபோது ஒரு வினோதம். மண்ணில் சீசியம் நிறைய. தேங்காயில் மிகக் குறைவு. ரமணன் திரைக்கு முன்னால் இருந்து துள்ளினார்.

“அண்ணே, மண்ணுல இருக்கு, காயில இல்ல! மரம் எடுத்துக்கவே இல்லண்ணே! கடல் காத்துல வர்ற உப்பு மரத்தைக் காப்பாத்தியிருக்கும். எல்லாரும் ஊருக்குப் போயிரலாம்.”

மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அப்படித்தான். ஊருக்குத் திரும்ப முடியாதவன் ஒருவன் இன்னொருவரைத் திருப்பி அனுப்புவது சின்னச் சந்தோஷம் அல்ல. டொக்டர் லாங்லி மட்டும் அளவைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். “எனக்குக் காரணம் தெரியாத நல்ல செய்தியில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இன்னொரு முறை போகவேண்டும்” என்றார்.

அந்த இன்னொரு முறையில்தான் எல்லாம் நடந்தது. இடையில் நின்று போகவேண்டிய ஒரு தீவுக்குப் போகாமல் படகு நேரே வந்ததால், சொன்ன நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெட்டிகளோடு நான் முதலில் இறங்கினேன். கொட்டகையைச் சரிசெய்வது என் வேலை. சாப்பாட்டு நேரம். ரோசினா அக்காவின் வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக இருந்து, துருவிய தேங்காயோடு பிசைந்த ஈரப்பலாக்காயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி சட்டியைத் துணியால் மூடினாள். இன்னொருத்தி உரித்துக் கிடந்த தேங்காய்களை ஓலைக்குக் கீழே தள்ளினாள். ரோசினா அக்கா எழும்பி, கரைப்பக்கம் திரும்பிக் கத்தினார். இரண்டு பேர் ஓடிப்போய் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

“நாளைக்கெண்டுதானே சொன்னனியள்? சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது?” என்று என்மேல் பாய்ந்தார்.

“வள்ளம் எங்கை போகுது, அக்கா?”

“உங்களுக்குத் தேங்காய் எடுக்க.”

“தேங்காய் இஞ்ச கிடக்குதே.”

“அது எங்கட வீட்டுக் காய். விருந்தாளிக்கு அதை ஆர் குடுப்பினம்? அந்தா தெரியுது பார், அக்கரையில சின்னத் தீவு. அதில ஊர்த் தலைவற்றை மரங்கள் நிக்குது. வெளியாலை இருந்து ஆர் வந்தாலும் அதிலதான் பறிக்கிறது.”

என் கையில் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

“போன முறையும் அதிலையோ?”

“பின்னை? நல்லாயிருக்கெண்டு உங்கட உயரமான மனுசி சொன்னவதானே.”

“ஈரப்பலாக்காயும்?”

“எல்லாம்.”

ஒன்றும் மறைக்கவில்லை என்ற முகத்தோடு சொன்னார். உண்மையில் அவர் எதையும் மறைக்கவில்லை. உங்கள் சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டோம். வந்தவர்களுக்குரிய சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அளந்த மண் இக்கரையது, காய் அக்கரையது.

இது எனக்குப் புதிதாகப் பட்டிருக்கக்கூடாது. என் சர்க்கரை வியாதிக்காக ஒருமுறை வீட்டுக்கு வந்த தாதி, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று என் மனைவியிடம் கேட்டாள். மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் ஓட்ஸ், சலாட், அப்பிள் என்று ஒப்புவித்தாள். அடுப்பில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மூடியபடி இருந்தன. தாதி போன பிறகு, “ஏனப்பா பொய் சொன்னனீர்?” என்று கேட்டேன். “வந்த ஆளிட்டை வீட்டுச் சட்டியைத் திறந்து காட்டுறதே? நல்ல கதை” என்றாள். தாதி எழுதிக்கொண்டு போனது வேறு யாருடைய உடம்போ.

டொக்டர் லாங்லி கரையில் நின்று சாமான் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். “நீங்கள் கண்டீர்களா, கேள்விப்பட்டீர்களா?”

“கண்டேன். கேட்டும் அறிந்தேன்.”

“மறுபடி சொல்லுங்கள்.”

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிறகு ரமணனைக் கூப்பிட்டு, அவருக்கு முன்னால் இன்னொரு தரம் சொல்ல வைத்தார். ரமணன் பெட்டிமேல் குந்திவிட்டார்.

“அப்ப நாம அளந்தது எதைண்ணே?”

“விருந்தை, தம்பி.”

டொக்டர் லாங்லி என்னைப் பார்த்தார். “அவர்கள் அனுமதியில்லாமல் ஒரு காயும் எடுக்கக்கூடாது. நான் கேட்டால் இன்னொரு கூடை அக்கரையிலிருந்து வரும். நீங்கள் கேளுங்கள்” என்றார். ஆட்களை அறிந்த தலைவி. இந்த வேலைக்கு யார் சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் அதை ஒத்துக்கொள்கிறேன்: அந்தக் கரையில் அன்றைக்கு அதைக் கேட்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

ரோசினா அக்கா முதலில் சிரித்தார். பிறகு கோபித்தார். “நாங்கள் திங்கிறதை உலகத்துக்குக் காட்டப்போறியோ? அந்தக் காய் சின்னன். தண்ணியும் உப்புக் கரிக்கும். இதையே திண்டு கிடக்குதுகள் எண்டு சிரிக்கவோ?”

“சிரிக்கமாட்டினம் அக்கா.”

“குடுத்தால் என்ன நடக்கும்?”

இனிப்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அளவு எவ்வளவெண்டு தெரியாது. கூடவா இருந்தால் உங்களை இஞ்சையிருந்து எழுப்புவினம்.”

“குடுக்காட்டில்?”

“மற்றவையும் வருவினம். பிள்ளையளோட. வந்து நீங்கள் திங்கிறதைத்தான் அவையும் திண்ணுவினம்.”

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். அந்த வீட்டின் கப்புத் தூண்களை அவரே நட்டவர் என்று எனக்குச் சொல்லியிருந்தார். புருஷனின் எலும்புகளை அகதித் தீவிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் புதைத்திருந்தார். “என்ர மகளும் அந்தக் கப்பலில வரப்போறாள். வயித்தில பிள்ளை” என்றார். உள்ளே போனார். துணியால் மூடியிருந்த அதே சட்டியைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார்.

“சட்டியோட கொண்டு போ.”

பிறகு தன் ஆட்களை மரத்தில் ஏற்றி, வீட்டு மரங்களின் காயைத் தானே பிடுங்குவித்தார். மற்றக் குடும்பங்களும் அவரைப் பார்த்துக் கொடுத்தன. வெட்டியது, வடித்தது, ஒட்டியது எல்லாம் நான். அன்றைக்கு என் கையிலிருந்து போன மாதிரிகளில் ஒரு துளி கலப்பிருந்தது என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை, சொல்லவும் ஏலாது.

லண்டனில் முதல் டப்பாவைக் கோட்டைக்குள் இறக்கிவிட்டு மூன்று பேரும் திரைக்கு முன்னால் நின்றோம். சீசியத்தின் இடத்தில் கோடு எழும்பியது. நிற்காமல் எழும்பியது. பக்கத்தில் பொட்டாசியத்தின் கோடு குட்டையாகத் தெரிந்தது. ரமணன் அளவைச் சொன்னார். டொக்டர் லாங்லி திருப்பிச் சொன்னார். மூன்றாவது ஆள் சொல்லவேண்டும். அறையில் வேறு சிலரும் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னேன். அது எழுதப்பட்டது.

மக்களைக் கொண்டுவர இருந்த கப்பல், தீவில் இருந்தவர்களை ஏற்றப் போனது. செய்தியைக் கடிதத்தில் அனுப்பக்கூடாது என்று டொக்டர் லாங்லி தானே போனார். என்னையும் கூட்டிப் போனார். அங்கே நான் கண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பன்றிகளும் அந்தத் தேங்காயைத் தின்று வளர்ந்தவை. ஏற்ற முடியாது, தின்னவும் கூடாது. எல்லாவற்றையும் வெட்டிக் குழியில் போட்டார்கள். பன்றி வெட்டினால் ஊர் கூடிச் சமைக்கிற இடம் அது. அன்றைக்கு ஒரு அடுப்பும் எரியவில்லை. ஆண்கள் மண்ணை இழுத்து மூடும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

ரோசினா அக்கா வீட்டுக் கதவைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார். கொழுவுவதற்கு வீடு இல்லாத கதவு. நான் ஒரு தலைப்பைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கப்பலுக்கு இறங்கும்போதுதான் என்னோடு பேசினார்.

“இனி நீ வந்தால் நான் எதைத் தர?”

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

டொக்டர் லாங்லி காலமாகிவிட்டார். ரோசினா அக்காவும் அகதித் தீவில், தகரக் கொட்டகை ஒன்றில் செத்துப்போனார். இந்த இரண்டாவது செய்தி எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. அப்போது புதிய கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்தத் தீவு மக்களின் பிரதிநிதிகள் சிலர் லண்டனுக்கு வந்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களைப் பின்வரிசையில் இருத்தியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ரமணன், அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. இப்போதைய தலைவர் ஒரு இளைஞர், நல்ல பிள்ளை, படங்களைக் காட்டி விளக்கினார். முதல் மாதிரிகளில் குறை காணப்பட்டது, மறு மாதிரி எடுப்பு நடைபெற்றது, தரவுகள் தெளிவாகக் காட்டின என்றார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். ஐம்பதைத் தாண்டியவள்.

“தரவு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆள் வந்தது. என் தாயின் கையிலிருந்து சட்டியை வாங்கியது யார்?”

தலைவர் திரையைப் பார்த்தார். வெளியே இருக்கும் பலகையில் அதற்கு விடை இல்லை. நான் வரும்போதே வாசித்துவிட்டேன். டொக்டர் லாங்லியின் பெயர் இருக்கிறது, ரமணனின் பெயர் இருக்கிறது, வேறு பட்டதாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. மறு மாதிரி எடுப்பு மட்டும் தானாக நடைபெற்றிருக்கிறது.

நான் எழும்பப் போனேன். ரமணன் சட்டைக் கையைப் பிடித்தார்.

“உக்காருங்கண்ணே. இப்ப எந்திரிச்சா உங்களைத்தான் திட்டுவாங்க.”

“திட்டட்டும். அதையும் வேறை ஆருக்கோ விட்டிட்டுப் போறதே? விடும் கையை.”

எழும்பி, நான்தான் என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். அவள் நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள். அப்போது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் கூட வந்திருந்தான், தாடி வைத்த வளர்ந்த மனிதன்.

“அம்மா உன்னைத் தேங்காய் உரிக்கிறவன் என்றுதான் சொல்லுவாள். பெயர் தெரியாது. அவள் கொடுத்ததாலேதான் எல்லாருக்கும் காணி போனது என்று சாகுமட்டும் ஊர் அவளோடு சரியாகப் பேசவில்லை. ‘அவன் கேட்டான், நான் கொடுத்தேன்’ என்பாள். அப்படி ஒருவன் வரவேயில்லை என்று ஊர் சொல்லும். உங்கள் அறிக்கையில் எவன் பெயரும் இல்லையே.”

அவள் அழவில்லை. என்னை மன்னிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் அது சரியாக வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்த பிறகு பலகையைப் பற்றித் தலைவரிடம் கேட்டேன். அது அச்சாகிவிட்டது என்றார். தொழில்நுட்ப உதவியாளர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார். “உங்கள் எல்லாரின் பங்களிப்பையும் மதிக்கிறோம்” என்று தோளில் தட்டினார்.

எல்லாரின் பங்களிப்பு என்று அங்கே ஒன்று நடக்கவில்லை. ஒரு பெண்ணிடம் ஒரு ஆள் போய்க் கேட்டான். என்ன நடக்கும் என்று சொல்லிக் கேட்டான். அவர் தெரிந்துகொண்டு கொடுத்தார். அதனால் பிள்ளைகள் அந்தத் தேங்காயைத் தின்னவில்லை. அதனாலேயே அவர்களுக்கு இன்றுவரை காணியுமில்லை. நல்லதும் கெட்டதும் இரண்டும் என் கையால் நடந்தவை. நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள நான் வரவில்லை.

ஆகவே ஆய்வுகூடத்தாரிடம் கேட்கிறேன், கெஞ்சவில்லை. பலகையைக் கழற்றுங்கள். வீட்டுச் சாப்பாட்டைத் தெரிந்துகொண்டே தந்தவர் ரோசினா என்று எழுதுங்கள். அவருடைய மகள் அதைப் படமெடுத்துக்கொண்டு போய்த் தன் ஊருக்குக் காட்டவேண்டும். அதற்குக் கீழே, அதைக் கேட்டு வாங்கியவர், மாதிரி தயாரித்தவர், சின்னத்துரை தவராசா என்று எழுதுங்கள். முழுப் பெயர். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். மற்றப் பெயர்களின் அளவிலேயே இருக்கவேண்டும்.